டிராயிங் மாஸ்டரின் டிஸ்போசல் வண்டி

ஒரு மனிதன் தன் அக்கம்பக்கத்தாருக்குச் செய்யக்கூடிய அநியாயங்கள் அத்தனையையும் ஒரே ஒரு மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டு செய்து காட்டியவர் எங்கள் டிராயிங் மாஸ்டர். இதில் மிகை எதுவும் இல்லை. எழுபதுகளில் சித்தூரில் எங்கள் மிஷன் காம்பவுண்டில் குடியிருந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு முன்னால் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார்கள்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். போதகர் ஐயா உட்பட யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குப் பூசணிக்காயும் கூஜாவும் வரையச் சொல்லிக்கொடுத்து வந்தவர். அத்தோடு நின்றிருந்தால் அவரை நான் இன்று ஒரு நல்ல மனிதராக நினைவுகூர்ந்திருப்பேன். அவர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார்.

நான் அப்போது மாம்பழக்கூழ் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பிரம்மச்சாரி. காம்பவுண்டில் வரிசையாக இருந்த லைன் வீடுகளில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். வீடுகளுக்கு முன்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிமெண்டு வாசல், அதன் ஓரத்தில் ஒரு குழாய். நடு வாசலில் அந்த வண்டி. ராணுவத்தில் உழைத்துக் களைத்து, ‘டிஸ்போசல்’ என்று ஒதுக்கப்பட்டு, பல கை மாறி இவரிடம் வந்து சேர்ந்த வண்டி. வந்த அன்றைக்கு அது ஓடியது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அன்று மாலையே அதை அக்கக்காகக் கழற்றிப் போட்டுவிட்டார்.

“ஓடற வண்டிய ஏன் மாஸ்டர் கழட்டினீங்க?” என்று கேட்டேன்.

“கடையிலேர்ந்து வந்தா மாதிரியே ஓட்டறவன் டிரைவரு. நான் ஆர்ட்டிஸ்ட்” என்றார்.

முதலில் வரைபடம். அதைக் காகிதத்தில் வரைந்திருக்கலாம் அல்லவா? மாட்டார். வாசல் சிமெண்டில், வண்டியின் நிஜ அளவுக்கே சாக்பீஸால் வரைந்தார். தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு வருகிற பெண்கள் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். யாராவது மறந்துபோய்க் காலை வைத்துவிட்டால், “முன் சக்கரத்த மிதிச்சிகினு போறியேம்மா, கண்ணு தெரியலயா?” என்று ஒரு கத்தல். எங்கள் வாசலில் நடப்பதற்கு நாங்கள் அவரிடம் வழி கேட்க வேண்டியிருந்தது.

வரைபடம் முடிந்ததும் சாமான் சேர்க்கும் வேலை. வண்டிக்கு வேண்டியதைக் கடையில் வாங்குவது கலைஞனுக்குக் கேவலம் என்பது அவர் கொள்கை. எங்கள் வீடுகளுக்குள் வந்து நிற்பார். ஒரு கண்ணை மூடிக்கொள்வார். கையில் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து முன்னால் நீட்டி, கட்டைவிரலால் அளவெடுப்பார். அவர் பென்சிலை நீட்டிய வீட்டில் இரண்டொரு நாளில் ஒரு பொருள் குறையும்.

நர்ஸம்மா வீட்டு இட்லிக் குண்டானின் மூடி அப்படித்தான் ஹெட்லைட்டுக்குப் போனது. அந்த நர்ஸம்மா ஆஸ்பத்திரியில் டாக்டர்களையே அதட்டுகிற பெண்மணி. அவரே ஒரு மாதம் தட்டைப் போட்டு மூடி இட்லி அவித்தார். என் விஷயம் அதைவிட மோசம். ஆசைப்பட்டு வாங்கிய ஒரு சாய்வு நாற்காலி வைத்திருந்தேன். நல்ல தடித்த கான்வாஸ் துணி. ஆபீசிலிருந்து வந்து அப்பாடா என்று சாய்ந்தேன். நேராகத் தரையில் போய் விழுந்தேன். கட்டை மட்டும்தான் நாற்காலியாக நின்றுகொண்டிருந்தது.

“மாஸ்டர், என் சேர் துணி எங்க?”

“தோ, சீட்டுல கீது பாரு. எவ்ளோ பாந்தமா ஒக்காந்துகினு கீது!”

“அது என்னோடது!”

“உன்னோடதுதான், யாரு இல்லன்னா? நீ அதும்மேல குந்தணும், அவ்ளோதானே? இங்க வந்து குந்து.”

அன்று முதல் தரையில் பாய் விரித்துத்தான் சாய்ந்தேன். அந்த வயிற்றெரிச்சல் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

அவர் மனைவியை நாங்கள் மாஸ்டரம்மா என்போம். சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிறந்த ஊர் பிச்சாட்டூர். வண்டி வாங்கிய அன்றைக்கே, “வண்டி முடியட்டும், உன்ன ஏத்திகினு உங்க ஊரு ஏரிக்கரை மேல ஒரு ரவுண்டு வரேன்” என்று அவரிடம் மாஸ்டர் வாக்குக் கொடுத்திருந்தார். பாவம், அந்த அம்மாள் ஒவ்வொரு விடுமுறைக்கும் பஸ்ஸில் கால் மரத்துப்போக நின்றுகொண்டு ஊருக்குப் போய் வந்தார். வண்டி முடிந்த பாடில்லை. முடியும் நேரத்தில் மாஸ்டருக்குப் புதிதாக ஒன்று தோன்றிவிடும். ஹேண்டில்பார் மான் கொம்பு மாதிரி இருந்தால் என்ன என்பார். மறுபடி எல்லாம் கழன்று வாசலுக்கு வந்துவிடும்.

“கல்யாணமான புதுசுல என்னையும் இப்பிடித்தான் ஒரு கண்ண மூடிகினு பாத்தாரு” என்று குழாயடியில் மாஸ்டரம்மா ஒரு நாள் புலம்பினார். “ஆசையா பாக்கறாருன்னு நெனச்சேன். இப்ப அப்பிடி பாத்தா, எதக் கழட்டப் போறாரோன்னு பயமா கீதுடியம்மா.”

அந்த வண்டி அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சமயத்தில் எனக்குத் திருப்பதியில் பெண் பார்க்க ஏற்பாடாயிற்று. பஸ்ஸில் போகிறேன் என்றுதான் சொன்னேன். மாஸ்டர் விடவில்லை.

“மாப்ள பஸ்ஸுல எறங்கி வேர்வையோட நடந்து வந்தா பொண்ணு வீட்டுல மதிப்பாங்களா? வண்டியில போய் எறங்கணும்யா!”

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, என் சொந்த நாற்காலித் துணியின் மேலேயே விருந்தாளி மாதிரி உட்கார்ந்து கிளம்பினேன். சந்திரகிரி தாண்டும் முன் இட்லிக் குண்டான் மூடி கழன்று, எங்களுக்கு முன்னால் ரோட்டில் உருண்டு போனது. அதைத் துரத்திக்கொண்டு வயலில் இறங்கி ஓடியவன் நான். மாஸ்டர் வண்டியில் உட்கார்ந்தபடியே, “லெஃப்ட்ல, லெஃப்ட்ல” என்று வழி சொன்னார். திருப்பதி போய்ச் சேர்ந்தபோது என் சட்டை பாதி கறுப்பு, பாதி செம்மண்.

பெண்ணின் அப்பா ரயில்வேயில் வேலை பார்ப்பவர். வாசலுக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார். “இது அந்தக் காலத்து மிலிட்டரி மாடல் இல்ல?” என்று கேட்டார். அவ்வளவுதான். இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே நான் தனியாகச் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காபியும் வந்தது, பெண்ணும் வந்தாள். வெளியே அவள் அப்பா கார்புரேட்டரை ஊதிக்கொண்டிருந்தார். மூக்கில் கரியோடு உள்ளே வந்தவர் என்னைப் பார்த்து, “நீங்கதான் மெக்கானிக்கா? மாப்ள பையன் வரலியா?” என்று கேட்டார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதை நான் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரை என் வீட்டில் காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

கடைசியாகக் கோயிலிலேயே கை வைத்தார். சர்ச்சில் மூலையில் கிடந்த பழைய ஆர்மோனியத்தின் துருத்தியையும் சுரக்கட்டைகளையும் கழற்றி வண்டிக்கு ஹார்ன் செய்தார். “சும்மா கெடந்தது, கர்த்தருக்கே ஒபயோகம் இல்ல” என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் ஐயா அறிவிப்பு வாசித்துக்கொண்டிருக்கும்போது வெளியே மாஸ்டர் ஒரு ஆட்டுக்குட்டியை விரட்ட ஹார்ன் அடித்தார். சுருதி கேட்டதும் பாடகர் குழு மொத்தமும் எழுந்து நின்று பாட ஆரம்பித்துவிட்டது. சபை முழுக்க எழுந்து நின்றது. ஐயா கையில் அறிவிப்போடு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

இனிப் பொறுப்பதில்லை என்று காம்பவுண்டே திரண்டு சபைக் கமிட்டியிடம் போனது. முன்னால் நின்று பேசியவன் நான். நாற்காலித் துணியில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னேன். நர்ஸம்மா கையை நீட்டி நீட்டிப் பேசினார். கமிட்டித் தலைவர் தாசில்தார் ஆபீசில் ஹெட் கிளார்க். எதற்கும் ஒரு கெடு வைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. தீர்ப்புச் சொன்னார்: அறுப்பின் பண்டிகைக்குள் வண்டி முழுதாக முடிந்து ரோட்டில் ஓட வேண்டும். முடியாவிட்டால் மறுநாளே காம்பவுண்டை விட்டு வண்டி வெளியே போய்விட வேண்டும்.

மாஸ்டர் அசரவில்லை. “பண்டிகையன்னிக்கி வண்டிய கோயில் வாசல்ல கொண்டாந்து நிறுத்தறேன். ஐயாவே ஜெபம் பண்ணி அனுப்பட்டும். அன்னிக்கே என் சம்சாரத்த ஏத்திகினு பிச்சாட்டூர் போறேன். நீங்கல்லாம் நின்னு பாருங்க” என்றார்.

ஆனால் மாஸ்டரம்மா அன்று குழாயடியில் வண்டியைத் திட்டவில்லை. நான் கேட்டபோது, “வெளிய கொண்டும்போனா எங்க வெச்சி வேல பாப்பாரு தம்பி? யாரு எடம் குடுப்பாங்க? அந்த வண்டி போச்சின்னா இந்த மனுஷன் சோறு துன்ன மாட்டாரு” என்று சொல்லிவிட்டு, குடம் நிரம்பும் முன்பே தூக்கிக்கொண்டு போனார். வண்டியைத் திட்டுவதில் எங்களுக்கெல்லாம் தலைவி அந்த அம்மாள். அவர் அப்படிப் பேசியது எனக்கு என்னவோ போலிருந்தது.

அந்தப் பண்டிகையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அறுப்பின் பண்டிகையில் சபையார் அவரவர் விளைச்சலில் முதல் பங்கைக் கொண்டுவந்து கோயில் முன் பந்தலில் வைப்பார்கள். நெல், கரும்பு, வாழைத்தார், பூசணி, சேவல். நிலமில்லாதவர்கள் கைவேலையில் செய்ததைக் கொண்டுவருவார்கள். பந்தலுக்குள் வந்ததெல்லாம் ஆண்டவருக்குச் சொந்தம். ஆராதனை முடிந்ததும் அங்கேயே ஏலம். ஊருக்கெல்லாம் தெரிந்த ஏலம் அது, வெளியாட்களும் வருவார்கள். வைத்த பொருளை யாரும் திரும்பக் கேட்பதில்லை. அப்படிக் கேட்கலாம் என்பதே யாருக்கும் தோன்றாது.

மாஸ்டர் சொன்னபடி முடித்துவிட்டார். நம்பமாட்டீர்கள், வண்டி அழகாக இருந்தது. நல்ல கருநீலம், டாங்கில் மெல்லிய தங்கக் கோடு, மான் கொம்பு ஹேண்டில்பாரில் ஜெபத்துக்காக ஒரு சாமந்தி மாலை. மாஸ்டரம்மா காணிக்கைக்குக் கொடுத்த பூசணிக்காயையும் வாழைத்தாரையும் மாஸ்டர் சீட்டில் கட்டி எடுத்து வந்திருந்தார். கோயில் வாசலில் நிறுத்தப் போனவர் வெயிலைப் பார்த்தார். பெயிண்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை, வெயில் பட்டால் வெடித்துவிடும். நிழல் வேண்டும். அந்த வாசலில் நிழல் இருந்த ஒரே இடம் காணிக்கைப் பந்தல். உருட்டிக்கொண்டு போய் அங்கே நிறுத்திவிட்டார். ஆராதனை முடிந்த கையோடு, பயணத்துக்கு மனைவியையும் பையையும் கூட்டிவர வீட்டுக்குப் போய்விட்டார்.

பூசணி, வாழைத்தார், மாலை சகிதம் பந்தலில் நிற்கிற வண்டியைக் கமிட்டித் தலைவர் பார்த்தார். அவர்தான் ஏலம் கூறுபவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “அடுத்தது, நம்ம டிராயிங் மாஸ்டர் குடும்பத்தின் காணிக்கை!”

போதகர் ஐயா முன்னால் வந்து, “தன் உயிரைப் போல வைத்திருந்ததையே ஒரு மனிதர் ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டார். நாம் அவரை எவ்வளவு பேசினோம்!” என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

கைதட்டல் அடங்காத அந்த நேரத்தில்தான் மாஸ்டர் மனைவியோடு திரும்பி வந்தார். மாஸ்டரம்மா பட்டுப் புடவையில், கையில் ஊருக்குப் போகிற பை. சபையே தன் வண்டியைச் சுற்றி நின்று கை தட்டுவதைப் பார்த்ததும் மாஸ்டருக்கு முகமெல்லாம் பல். பெயிண்ட் வேலைக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

“முன்னாடியே பாத்துகினு நின்னா எப்பிடி? பின்னாடி வந்து பாருங்க, மட்கார்டு வளைவ!” என்று இரண்டு கையையும் கூப்பினார்.

“ஒரு தரம்!” என்றார் தலைவர்.

மாஸ்டரின் கைகள் கூப்பியபடியே நின்றன.

“இன்னா தம்பி, எதுக்கு ஒரு தரம்ன்றாரு?” என்று மாஸ்டரம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் சொன்னேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டார்.

மாஸ்டர் வாயைத் திறந்தார். எதிரே ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் வாயை மூடினார். கொடுத்துவிட்டார் என்று சபை முழுக்கக் கை தட்டிய பிறகு, இல்லை, நிழலுக்காக நிறுத்தினேன் என்று எப்படிச் சொல்வது? யார் வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைகிற மனிதர், யாரையும் எதிர்த்துக் கத்துகிற மனிதர், பந்தல் ஓரத்தில் அப்படியே நின்றார். ஒரு கை மட்டும் மெதுவாகப் போய் டாங்கின் மேல் உட்கார்ந்தது. ஈரப் பெயிண்டில் கை ஒட்டியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஏலத்தில் முதல் விலை கேட்டிருந்தவர் குடிபாலாப் பக்கத்து மாங்காய் மண்டிக்காரர். வருஷா வருஷம் பூசணிக்காய்க்காக வருகிறவர். தெலுங்குக்காரர், எங்களோடு தமிழில் பேசுவார்.

“வண்டி நாக்கெந்துக்குய்யா? எனக்கு வேணாம். இஞ்சின மட்டும் கழட்டி கெணத்துக்குத் தண்ணி எறைக்க வெச்சுக்குவேன். மிச்சம்லாம் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்” என்றார் பக்கத்தில் இருந்தவரிடம், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

பழைய இரும்பா?

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன்! எங்கள் வாசலை அடைத்துக்கொண்ட வண்டி அது. எங்கள் மதியத் தூக்கத்தைக் கெடுத்த வண்டி. அதைத் திட்டுவதற்கும் சபிப்பதற்கும் உரிமைப்பட்டவர்கள் நாங்கள். பூசணிக்காய் வாங்க பஸ் ஏறி வந்த ஒரு ஆள் அதை இரும்பு என்று சொல்வதா? சொல்ல அவர் யார்? அந்தத் தங்கக் கோட்டை அவர் பார்த்தாரா? நான் துள்ளிக்கொண்டு முன்னால் வந்து என் சம்பளத்துக்குக் கட்டுப்படியான ஒரு தொகையைக் கத்தினேன். மண்டிக்காரர் நிதானமாக அதற்கு மேல் கேட்டார். உடனே எனக்குப் பின்னாலிருந்து அதற்கும் மேல் ஒரு குரல் வந்தது. நர்ஸம்மா.

“நர்ஸம்மா, நீங்க எனக்கு மேல கேக்காதீங்க!”

“நீ சும்மா இரு தம்பி. உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?”

“உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கு எதுக்குத் தெரியணும்? ஓட்டறவருதான் அங்க நின்னுகினு கீறாரே!”

மண்டிக்காரர் இன்னும் ஏற்றினார். நர்ஸம்மா என்னைப் பார்த்தார், நான் பாடகர் குழுவைப் பார்த்தேன். “ஏங்க, பாத்துகினே இருக்கீங்க? எல்லாரும் சேந்து கேளுங்கய்யா!” என்று நர்ஸம்மா ஆஸ்பத்திரிக் குரலில் ஒரு அதட்டல் போட்டார். என் பங்கு, என் பங்கு என்று காம்பவுண்டு முழுக்கக் கை தூக்கியது. எல்லாம் கோபத்தில் தூக்கிய கைகள். பாடகர் குழுவில் ஒருவர் மண்டிக்காரரைப் பார்த்து முறைத்துக்கொண்டே தூக்கினார். கெடு வைத்த கமிட்டித் தலைவர் ஏலம் கூறிக்கொண்டே, “என் பங்கும் ஒண்ணு சேத்துக்கங்க” என்று நடுவில் சொல்லிவிட்டு, எதுவும் நடக்காதது போல “ரெண்டு தரம்” என்றார்.

“ஏமய்யா இது? ஏலம் போடறதும் மீரே, எடுக்கறதும் நீங்களேவா?” என்று மண்டிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நாக்கொத்து சாமி, வேணாம். எனக்குப் பூசணிக்காயே போதும்.”

“மூணு தரம்! யார் பேருக்கு?”

“காம்பவுண்டு பேருக்கு!” என்று எல்லோரும் கத்தினோம்.

போதகர் ஐயா வண்டியின் மேல் கை வைத்து ஜெபம் செய்தார். எடுத்த கையில் கருநீலம். பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆர்ட்டிஸ்ட்டின் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மாஸ்டரம்மா பிச்சாட்டூர் கிளம்பினார். புத்தூர் ரோடு திரும்பும்வரை அவர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்.

ஊரிலிருந்து வந்ததும் மாஸ்டர் நேராக என் வீட்டுக்கு வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நான் எழுந்து நின்றேன். எல்லோரும் சேர்ந்து செய்தது, இதில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு வார்த்தையெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

“ஏன்யா, ஊரே பாத்துகினு கீது, அவ்ளோ கேவலமாவா ஏலம் கேப்ப?” என்றார். “ஓட்ட சைக்கிளுக்குகூட அதவிட ஜாஸ்தியா கேப்பான். என் வண்டிக்கு ஒரு மரியாத வேணாம்? அந்த மண்டிக்காரன் ஒனக்கு எவ்ளோ தேவல!”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். என்னோடு பேச்சையும் நிறுத்திவிட்டார். பார்த்தீர்களா நியாயத்தை? ஆபீசில் கடன் வாங்கி அந்தப் பங்கைக் கட்டியவன் நான், முறைத்துக்கொண்டு போகிறவர் அவர்! எனக்கும் ரோஷம் இருந்தது. நானும் பேசவில்லை. வாசலில் எதிரெதிரே நடந்தோம், குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தட்டுகிற சத்தம் மட்டும் வரும். அவர் என்னை ஒன்றும் கேட்காமல், ஒன்றும் எடுக்காமல் நாட்கள் போயின. வீட்டில் எல்லாப் பொருளும் வைத்த இடத்திலேயே இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு சாயங்காலம், பிச்சாட்டூர் பயணத்தில் மனைவிக்கு முதுகு வலித்துவிட்டதென்று அவர் பின்சீட்டின் ஸ்பிரிங்கைக் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தார். வண்டிக்கு அடியில் படுத்திருந்தார், கால் மட்டும் வெளியே தெரிந்தது. நான் போய்ப் பக்கத்தில் குந்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அடியிலிருந்து எண்ணெய் பூசிய ஒரு கை நீண்டு, ஸ்பேனருக்காக விரல்களை ஆட்டியது. எடுத்துக் கொடுத்தேன். வாழ்க்கையில் எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ மரியாதைகள் செய்திருக்கிறார்கள். அந்தக் கை என்னிடம் நீண்டபோது வந்த சந்தோஷம் எதிலும் வந்ததில்லை.